நிபந்தனை விதிகள்: ஆசிரியர் குழு கையிலா, நிரலிலா?

வலைத்தச்சன்:
டிரூபல் என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளில் ஓடும் ஓர் இணையதளத்தைப் பராமரிக்கிறேன். மூன்று தானியங்கி வேலைகள் வேண்டும். கட்டுரை வெளியானதும் சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சல் போக வேண்டும். ‘அவசரம்’ என்று குறித்தால் முகப்பில் ஏற வேண்டும். 30 நாள் ஆனதும் தானாக இறங்க வேண்டும். இசிஏ மாட்யூலை (நிகழ்வு, நிபந்தனை, செயல் என்று விதி அமைக்க உதவும் டிரூபல் கூடுதல் தொகுப்பு) போட்டு ஆசிரியர்களே திரையில் விதி அமைக்கட்டும் என்கிறது குழுவில் ஒரு தரப்பு. நீயே நிரலாக எழுதிவிடு என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நிரலடி:
நிரல்தான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். திரையிலேயே ஒரு விதி அமைத்திருந்தார்கள். நிகழ்வு: உள்ளடக்கம் புதுப்பிக்கப்பட்ட பின். நிபந்தனை: நிலை ‘வெளியானது’. செயல்: மின்னஞ்சல் அனுப்பு. படித்தால் சரியாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு நாள் மதியம் உதவி ஆசிரியர் ஒருவர் பழைய கட்டுரைகளில் ஒரு பெயரின் எழுத்துப்பிழையைத் திருத்தத் தொடங்கினார். நாற்பது கட்டுரை, நாற்பது சேவ். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் நாற்பது மின்னஞ்சல். அவர் செய்தது நல்ல காரியம், ஆனால் திட்டு வாங்கியது அவர்தான். அதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

செய்திமேசை:
அந்த உதவி ஆசிரியருக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தத் தவறைத் திரை செய்யவில்லை. அதே நிபந்தனையை நிரலில் எழுதியிருந்தாலும் அதே நாற்பது மின்னஞ்சல் போயிருக்கும். ‘வெளியாகியிருக்கிறது’ என்பது ஒன்று, ‘இப்போதுதான் வெளியானது’ என்பது வேறு. டிரூபல் 7-இல் இதே வேலைக்கான ரூல்ஸ் மாட்யூலை வைத்திருந்தபோது அந்த நிகழ்வில் இரண்டு பிரதிகள் கிடைக்கும்: சேமித்தபின் உள்ள உள்ளடக்கம், மாறுவதற்கு முன் இருந்த உள்ளடக்கம். வெளியானதா என்று பார்க்கும் நிலை புதியதில் ‘ஆம்’, பழையதில் ‘இல்லை’ என்று இரண்டு நிபந்தனை போட்டால் பிரச்சினை முடிந்தது. நிரல் ஒரு வரிகூடத் தெரியாத நான் அதை அமைத்தேன். எந்தக் கட்டுரை எப்போது யாருக்குப் போக வேண்டும் என்று அன்றாடம் யோசிப்பது மேசையில் இருப்பவர்கள்தானே?

கொக்கிக்காரன்:
நான் வேர்ட்பிரஸ் பக்கம், அங்கும் இதே கதைதான். பலரும் தங்கள் நிரலை ‘சேவ்_போஸ்ட்’ கொக்கியில் (ஹூக்: ஒரு நிகழ்வின்போது நம் நிரலும் ஓட வழிவிடும் இடம்) மாட்டுகிறார்கள். அது ரிவிஷன் (பதிவின் முந்தைய வடிவங்களின் பிரதி) சேமிக்கும்போதும் ஓடும். நிலை மாற்றத்துக்கென்றே ‘டிரான்சிஷன்_போஸ்ட்_ஸ்டேட்டஸ்’ இருக்கிறது. புதிய நிலை, பழைய நிலை, பதிவு என்று மூன்றைத் தரும். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. ‘டிராஃப்ட்டிலிருந்து பப்ளிஷ்’ என்று எழுதினால், நேரம் குறித்து வைத்த கட்டுரைகள் விட்டுப்போகும். அவை ‘ஃப்யூச்சர்’ நிலையிலிருந்து பப்ளிஷுக்கு வருகின்றன. அதனால் ‘புதியது பப்ளிஷ், பழையது பப்ளிஷ் அல்லாத ஏதோ ஒன்று’ என்றுதான் எழுத வேண்டும்.

இன்னொன்று. வேர்ட்பிரஸின் எழுதும் திரையான பிளாக் எடிட்டரில் இந்தக் கொக்கி ஓடும் நேரத்தில் அந்தச் சேவில் தேர்ந்தெடுத்த வகைகள் இன்னும் பதிவாகியிருக்காது. வகையை வைத்து நிபந்தனை போட்டால் ஏமாற்றும். 5.6 பதிப்பில் வந்த ‘டபிள்யூபி_ஆஃப்டர்_இன்சர்ட்_போஸ்ட்’ அதற்காகத்தான்.

நிரலடி:
பாருங்கள், இவ்வளவு நுணுக்கம் இருக்கிறது. இதை ஆசிரியர் தலையில் கட்டுவது நியாயமா?

சுழற்சியையும் யாரும் சொல்லவில்லை. ‘சேமித்த பின்’ என்ற நிகழ்வில், ஒரு புலத்தை (கட்டுரையோடு சேமிக்கும் ஒரு தகவல் கட்டம்) மாற்றி மறுபடி சேமி என்று செயல் வைத்தால், அந்தச் சேமிப்பே விதியை மீண்டும் எழுப்பும். மதிப்பை மாற்றும் விதியைச் ‘சேமிக்கும் முன்’ நிகழ்வில்தான் வைக்க வேண்டும். அங்கே தனியாகச் சேமிக்கவே வேண்டாம். முகப்பில் ஏற்றும் விதி இந்த வகைதான், வலைத்தச்சன் கவனிக்கவும்.

செய்திமேசை:
நுணுக்கம் எல்லாவற்றையும் ஆசிரியர் அறிய வேண்டாம், சரி. ஆனால் நிரலில் புதைந்த விதியை யாராலும் படிக்க முடியாது. ‘இந்தக் கட்டுரைக்கு ஏன் மின்னஞ்சல் போகவில்லை?’ என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருந்திருக்கிறேன். திரையில் இருந்தால் நானே திறந்து பார்த்து, வகை நிபந்தனையில் நின்றுவிட்டது என்று கண்டுபிடிப்பேன்.

30 நாள் விதிக்கும் ஒன்று சொல்கிறேன். இது யாரும் சேவ் செய்வதால் நடப்பது அல்ல, கிரான் (குறித்த இடைவெளியில் வேலைகளைத் தானாகச் செய்யும் ஏற்பாடு) ஓடும்போது நடப்பது. டிரூபலின் தானியங்கி கிரான் இயல்பாக 3 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று இருக்கும். அதுவும் யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். ஆகவே ‘சரியாக 30 நாள்’ என்று நிபந்தனை போடாதீர்கள். ஒரு சுற்று தவறினால் அந்தக் கட்டுரை முகப்பிலேயே தங்கிவிடும். ‘30 நாள் அல்லது அதற்கு மேல், இன்னும் முகப்பில் இருக்கிறது’ என்று போடுங்கள்.

கொக்கிக்காரன்:
வேர்ட்பிரஸிலும் அப்படியே, ஆள் வந்தால்தான் கிரான். நேரம் முக்கியம் என்றால் சர்வரின் கிரானில் போட்டுவிடுங்கள்.

நிரலடி:
படிக்க முடியவில்லை என்ற குறை உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். நான் அஞ்சுவது ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் நேரடியாக விதியை மாற்றுவதை. விதி அமைக்கும் உரிமையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். அதைக் கொண்டு உள்ளடக்கத்தை அழிக்கலாம், பயனரின் பங்கையும் (ரோல்) மாற்றலாம். ஆறு பேரிடம் அதைக் கொடுக்க மாட்டேன்.

இசிஏவில் ஒரு வசதி இருக்கிறது. விதிகள் கட்டமைப்பாகச் சேமிக்கப்படுகின்றன. யாமல் என்ற எளிய உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் வைக்கலாம். சோதனைத் தளத்தில் அமைத்து, பார்த்து, அப்புறம் மேலே ஏற்றுங்கள். அப்படியென்றால் திரையில் அமைப்பதற்கு எனக்கு மறுப்பு இல்லை.

வலைத்தச்சன்:
எல்லோருக்கும் நன்றி. இசிஏதான் போடப்போகிறேன், ஆனால் விதியை மாற்றும் உரிமை என்னிடமும் இன்னொருவரிடமும் மட்டும். நிபந்தனையை ஆசிரியர்கள் ஒரு வாக்கியமாக எழுதித் தருவார்கள். அதை அப்படியே விதியின் விளக்கத்தில் ஒட்டிவைப்பேன்.

ஒரு கட்டுரையை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் நிலை ‘இல்லை’யிலிருந்து ‘ஆம்’ ஆகும், மின்னஞ்சல் இரண்டாம் முறை போகும். அதற்காக ‘அனுப்பியாயிற்று’ என்று ஒரு புலம் சேர்க்கிறேன். அதில் டிக் இருந்தால் விதி அங்கேயே நிற்கும்.

செய்திமேசை:
நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த டிக்கை எடுக்கும் உரிமையை எங்களுக்குத் தாருங்கள். தவறான தலைப்போடு போன கட்டுரையைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டிய நாள் வரும். அன்று இரவு பதினொரு மணிக்கு உங்களை எழுப்ப வேண்டியிருக்கக் கூடாது.

நிரலடி:
டிக்கை எடுக்கட்டும், விதியைத் தொட வேண்டாம். இதில் எனக்கும் சம்மதம்.