எண்கள் இடம் மாறிவிடுகின்றன: இணையவழிக் கணிதப் பாடத்தில் நான் சேரலாமா?

பாளை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. பாளையங்கோட்டையில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் தட்டச்சுப் பணி செய்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி. பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 41 மதிப்பெண் எடுத்துத் தப்பித்தேன். பதினொன்றில் கணிதம் இல்லாத பிரிவாகத் தேடிச் சேர்ந்தேன். பிறகு தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் முடித்தேன்.

சென்னை ஐ.ஐ.டி. 2020 முதல் இணையவழியில் நடத்திவரும் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் சேர வேண்டும் என்று ஓராண்டாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருப்பதும் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பதால் தகுதி எனக்கு இருக்கிறது. முதலில் தகுதிநிலை. கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை, ஆங்கிலம் ஆகிய நான்கையும் நான்கு வாரம் காணொளி வழியாகப் படித்து, வாரந்தோறும் ஒப்படைப்புகளை முடித்து, இறுதியில் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். மற்ற மூன்றைப் பற்றி எனக்கு அச்சமில்லை. கணிதம்தான் தடை.

என் சிக்கலைச் சற்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எண்கள் கண்ணுக்கும் கைக்கும் நடுவில் இடம் மாறிவிடுகின்றன. சென்ற ஆண்டு ஒரு கிரையப் பத்திரத்தில் சர்வே எண் 418 என்பதை 481 என்று தட்டச்சிட்டு, முத்திரைத்தாள் வீணாகிப் பெரும் சங்கடமாகிவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு எண்ணையும் இலக்கம் இலக்கமாக நான் உரக்கப் படிக்க, பக்கத்து இருக்கையில் இருப்பவர் மூலப் பத்திரத்தைப் பார்த்துச் சரி சொல்வார். அதன்பின் பிழை நேரவில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் தனியாக அமர்ந்து கணிதக் காணொளி பார்க்கும்போது அப்படி ஒருவர் இல்லை. ஆசிரியர் சொல்லச் சொல்ல எல்லாம் புரிகிறது. காணொளியை நிறுத்திவிட்டு நானே போட்டால் விடை தவறுகிறது. நேற்று (2, −3), (5, 6) என்ற இரு புள்ளிகள் வழியே செல்லும் கோட்டின் சாய்வு கேட்கப்பட்டது. நான்கு முறை போட்டும் 1 என்றே வந்தது. சரியான விடை 3 என்கிறார்கள்.

அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டலாமா, அல்லது ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடலாமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்? இது வெறும் பயமா, ஏதேனும் குறைபாடா?

கரும்பலகை எழுதியது:

வணக்கம் அம்மா. அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். உங்கள் சாய்வுக் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். y மதிப்புகளின் வேறுபாட்டை x மதிப்புகளின் வேறுபாட்டால் வகுத்தால் சாய்வு. 6 − (−3) என்பதை நீங்கள் 6 − 3 என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே 9 வரவேண்டிய இடத்தில் 3 வந்தது; கீழே 5 − 2 = 3; ஆகவே சாய்வு 1 ஆகிவிட்டது. அதாவது சாய்வு என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். வாய்பாட்டைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஒரு கழித்தல் குறி மட்டும் வழியில் நழுவிவிட்டது. நான்கு முறை போட்டும் அதே விடை வந்ததற்குக் காரணம், நான்கு முறையும் அதே இடத்தில் அதே குறியை விட்டதுதான்.

வகுப்பறையில் இதை நான் அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். வரிசைகளுக்கு இடையே நடக்கும்போது நோட்டைப் பார்த்தாலே எந்த வரியில் பிள்ளை சறுக்கியது என்று தெரிந்துவிடும். காணொளிக்கு உங்கள் நோட்டு தெரியாது. எண்களில் தடுமாறுகிறவர்களுக்கு இணையவழிப் படிப்பில் உள்ள உண்மையான இழப்பு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வேகம், தனிமை என்று சொல்லப்படுகிற மற்றவை எல்லாம் பழகிவிடும். எனவே உங்கள் நோட்டை யாராவது பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை, கோட்டின் சமன்பாட்டை எழுதியவுடன் இரண்டு புள்ளிகளையும் அதில் இட்டுப் பாருங்கள். சாய்வு 1 என்றால் (5, 6) வழியே செல்லும் கோடு y = x + 1; அதில் x-க்கு 2 இட்டால் 3 வருகிறது, −3 வரவில்லை. பிழை அங்கேயே அகப்பட்டுவிடும். சாய்வு 3 என்றால் y = 3x − 9; 2 இட்டால் −3, 5 இட்டால் 6.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். அந்தப் படிப்பின் முதல் கணிதப் பாடத்தில் கணங்கள், சார்புகள், நேர்கோடுகள், இருபடிச் சார்புகள், பல்லுறுப்புக்கோவைகள், மடக்கை ஆகியவை வருகின்றன. இவற்றில் பெரும்பகுதி நம் பாடநூல்களில் தமிழிலேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பின் முதல் இயல் கண மொழி. பத்தாம் வகுப்பின் முதல் இயல் உறவுகளும் சார்புகளும், மூன்றாவது இயற்கணிதம், ஐந்தாவது ஆயத்தொலை வடிவியல். மடக்கைக்குப் பதினொன்றாம் வகுப்பு நூலைப் பார்க்க வேண்டும். அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த இயல்களை முதலில் தமிழில் முடித்துவிட்டு அதே பொருளின் ஆங்கிலக் காணொளிக்குப் போங்கள். கணக்கும் மொழியும் ஒரே நேரத்தில் புதிதாக இருந்தால் எது புரியவில்லை என்பதே புரியாது.

இன்னொன்று. எடுத்துக்காட்டுக் கணக்குகளைத் தாண்டிப் பயிற்சிக்கு ஓடாதீர்கள். தொடக்க நிலையில் இயற்கணிதம் கற்பவர்களுக்குத் தாமாகவே கணக்குகளோடு போராடுவதைவிட, தீர்த்துக் காட்டப்பட்ட கணக்குகளை வரி வரியாக ஆராய்வது கூடுதல் பயன் தருகிறது என்பதை ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இலேயே ஆய்வில் காட்டினார்கள். ஒரு கணக்கைப் பார்த்துப் படியுங்கள், மூடிவிட்டு அதையே எழுதுங்கள், பிறகு எண்களை மட்டும் மாற்றிப் போடுங்கள்.

குறைபாடா என்று கேட்டீர்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் அது பயம்தான்.

இரவுப்பணி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு பம்பு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே இந்தப் படிப்பில் தகுதிநிலைக்கு அடுத்து வரும் அடிப்படை நிலையை முடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தகுதிநிலையை இரண்டாவது முயற்சியில்தான் தாண்டினேன்.

முதல் முறை தோற்றதற்குக் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் விடை தவறினாலும் வழிமுறைக்கு ஸ்டெப் மார்க் உண்டு. நம்மில் பலர் அந்த மதிப்பெண்ணால்தான் கரையேறினோம். இங்கே பல கேள்விகளில் இறுதி எண்ணை மட்டும் ஒரு கட்டத்தில் தட்டச்சிட வேண்டும். ஒன்பது வரிகளைச் சரியாக எழுதிப் பத்தாவது வரியில் குறியை விட்டாலும் கணினிக்கு அது தவறான விடைதான். ஆகவே நம்மைப் போன்றவர்கள் விடையைச் சரிபார்ப்பதைத் தனி வேலையாக வைத்துக்கொண்டு, அதற்கு நேரத்தையும் ஒதுக்க வேண்டும். கணக்குப் போட மூன்று நிமிடம் என்றால் சரிபார்க்க ஒரு நிமிடம் என்று நான் பிரித்துக்கொண்டேன். குறைவான கணக்குகளே போட முடிந்தது. ஆனால் போட்டவை நின்றன.

காணொளியில் ஒரு மயக்கம் உண்டு. ஆசிரியர் போடுவதைப் பார்க்கும்போது நாமே போட்டதுபோல் தோன்றும். சமையல் நிகழ்ச்சி பார்த்தால் பசியாறாது என்பது தெரிந்த நமக்கு, இது மட்டும் தெரிவதில்லை. நான் 0.75 வேகத்தில் ஓடவிட்டு, ஆசிரியர் கணக்கை எழுதி முடித்ததும் நிறுத்தி, கேள்வியை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வேன். எழுதியதை விரல் வைத்துத் திரையோடு ஒப்பிட்ட பிறகே தீர்க்கத் தொடங்குவேன். கட்டம் போட்ட நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று வைத்தால் இடமாற்றம் வெகுவாகக் குறையும். கழித்தல் குறிக்கு மட்டும் சிவப்புப் பேனா. சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம், எனக்கு உதவியது.

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒரு திருத்தம் செய்ய விரும்புகிறேன். நோட்டைப் பார்ப்பவருக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் அலுவலகத்தில் செய்வதையே வீட்டிலும் செய்யலாம். கேள்வியில் உள்ள எண்களை நீங்கள் படிக்க, வீட்டில் யாராவது திரையைப் பார்த்துச் சரி சொன்னால், படியெடுக்கும்போது நேரும் பிழைகள் கணக்குத் தொடங்கும் முன்பே போய்விடும்.

பணம் கட்டுவது பற்றி. பாடக் காணொளிகள் யூடியூபில் பொதுவாகவே கிடைக்கின்றன. தகுதிநிலைக்குரிய நான்கு வாரக் கணிதத்தைப் பணம் கட்டும் முன்பே ஒருமுறை முடித்துவிடுங்கள். ஆண்டுக்கு ஜனவரி, மே, செப்டம்பர் என மூன்று பருவங்கள் இருப்பதால் ஒன்றைத் தவறவிடுவதால் ஓராண்டு போய்விடாது. தகுதிநிலையோடு கணிதம் முடிந்துவிடும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அடிப்படை நிலையின் எட்டுப் பாடங்களில் கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு. இதைச் சொல்லாமல் வாழ்த்து மட்டும் சொல்வது சரியல்ல.

தாழம்பூ எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் கடைசி வரியை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. என் மகளைப் பற்றியும் ஐந்து ஆண்டுகள் "பயம்தான், கவனக்குறைவுதான்" என்றே சொல்லிவந்தார்கள்.

டிஸ்கால்குலியா என்பது எண்களைக் கையாள்வதில் மட்டும் ஏற்படும் கற்றல் குறைபாடு; பொது அறிவுத்திறனில் குறையிருக்க வேண்டியதில்லை. செக்கோஸ்லோவாக்கிய உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஸ்க் 1974-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது தனியாக ஆராயப்பட்டு வருகிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாக இதைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, எழுத்தைப் படித்து யாரும் சொல்லவும் முடியாது. எண்களின் அளவு மனத்தில் பதிகிறதா, 418-க்கும் 481-க்கும் எது பெரியது என்பதில் தயக்கம் வருகிறதா, அல்லது பார்த்து எழுதும்போது மட்டும் வரிசை மாறுகிறதா என்பவை வெவ்வேறு செய்திகள். மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் முறையாகச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒருவேளை சான்றிதழ் கிடைத்தால், தேர்வில் என்ன சலுகை உண்டு என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுத்துமூலம் கேளுங்கள். தேர்வு நெருங்கிய பிறகு கேட்டு நாங்கள் ஒரு முறை இழந்தோம்.

கரும்பலகை எழுதியது:

தாழம்பூ அம்மா சொல்வது சரி. அவசரப்பட்டு எழுதிவிட்டேன். மேலும், பயத்தை "வெறும்" பயம் என்று ஒதுக்குவதும் தவறுதான். கணிதப் பதற்றம், எண்களைத் தற்காலிகமாக மனத்தில் பிடித்துவைக்கும் நினைவின் இடத்தையே பறித்துக்கொள்கிறது என்று மார்க் ஆஷ்கிராஃப்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2001-இல் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. பதறும்போது கழித்தல் குறி நழுவுவதற்கு அது போதுமான காரணம். சகோதரி ஒன்று செய்யட்டும்: இருபது கணக்குகள் போட்டு, தவறியவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் எந்த வரியில் தவறியது என்று குறித்து இங்கே எழுதட்டும். விடை வேண்டாம், வரி போதும்.

பாளை வாசகி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பொறுத்தருள்க.

இருபது கணக்குகளில் பதின்மூன்று தவறின. அவற்றில் ஆறு, கேள்வியைப் பார்த்து எழுதும்போதே எண் மாறியவை. நான்கில் கழித்தல் குறி போயிருந்தது. இரண்டில் ஆங்கிலக் கேள்வியையே தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். கணிதமே தெரியாமல் தவறியது ஒன்றே ஒன்று, அதுவும் மடக்கை. இத்தனை ஆண்டுகளாக நான் "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஒன்றைப் பற்றித்தான் என்று நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இப்போது எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் எனக்குப் பக்கத்து இருக்கை. நான் எண்களைப் படிக்க அவள் திரையைப் பார்த்துச் சரி சொல்கிறாள். பத்தாம் வகுப்பு நூலில் முதல் இயலும் மூன்றாம் இயலும் முடிந்தன. x² − 6x + 5 = 0 என்ற சமன்பாட்டுக்கு −1, −5 என்று மூலங்கள் (x-க்கான விடைகள்) எழுதினேன்; இரண்டையும் பெருக்கினால் 5, கூட்டினால் 6 வரவேண்டும். பெருக்கினால் 5 சரியாக வந்தது, கூட்டினால் 6 வருவதற்குப் பதில் −6 வந்து என்னைக் காட்டிக்கொடுத்தது. திருத்தி 1, 5 என்று எழுதினேன். யாரும் சொல்லாமல் என் பிழையை நானே பிடித்தது அதுவே முதல் முறை.

திருநெல்வேலியில் ஓர் உளவியலாளரிடம் அடுத்த மாதத்துக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வரும் பருவத்துக்குப் பணம் கட்டப்போவதில்லை; அதற்கடுத்த பருவம். மடக்கைக்கு மட்டும் யாராவது தமிழில் வழி சொல்லுங்கள்.

கரும்பலகை எழுதியது:

நன்று அம்மா. மடக்கையைப் புதிய பாடமாக எண்ண வேண்டாம். அடுக்குக் கணக்கையே திருப்பிக் கேட்பதுதான். 2-ஐ எத்தனை முறை பெருக்கினால் 8 வரும் என்று கேட்டால், மூன்று முறை என்பீர்கள். 2-ஐ அடிமானமாகக் கொண்ட 8-இன் மடக்கை 3 என்று எழுதுவது அந்தப் பதிலைத்தான். விதிகளைப் படிக்கும் முன், இப்படி வாயால் கேட்டு வாயால் சொல்லும் கணக்குகளாக முப்பது போடுங்கள். 2-இன் அடுக்குகள், 3-இன் அடுக்குகள், 10-இன் அடுக்குகள் போதும். கேள்வி கேட்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். அதன்பிறகு தவறும் கணக்குகளை வரியோடு இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.