ரெஸில்மேனியா 40 (WWE ரெஸ்லிங்கின் வருஷாந்திரத் திருவிழா, 2024 ஏப்ரல்): அந்த இரண்டு நாள் விடியற்காலையில் உங்களுக்கு இன்னும் உறுத்துவது எது?

நாலரை மணி அலாரம்:

இரண்டாம் நாள் கடைசி மேட்ச், சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸோடு கோடி ரோட்ஸ். நடுவில் பழைய ஜாம்பவான் அண்டர்டேக்கர் வந்ததைப் பற்றி எல்லோரும் பேசி ஓய்ந்தாயிற்று. எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்த நிமிடம். ரோமனுக்குத் துணை வந்த ராக் காலி, சோலோ காலி, கோடிக்குத் துணை வந்த ஜான் சீனா காலி. ரோமன் கையில் ஸ்டீல் சேர். ஒரு பக்கம் கோடி எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறான், இன்னொரு பக்கம் சேத் ரோலின்ஸ், ரோமனும் அவனும் ஒன்றாக இருந்த பழைய ஷீல்ட் அணியின் உடுப்பில். பிளட்லைன் ரூல்ஸ் (பிளட்லைன் என்பது ரோமனின் குடும்பக் கூட்டம்) என்பதால் யாரை எதால் அடித்தாலும் கேட்க நாதி இல்லை. ரோமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சேரைச் சேத் முதுகில் இறக்கினான். 2014-ல் சேத் இவன் முதுகில் சேரால் அடித்து ஷீல்டை உடைத்தானே, அந்தக் கணக்கு. அதைத் தீர்த்த நேரத்தில் கோடி எழுந்துவிட்டான், அவனுடைய முத்திரை அடியான க்ராஸ் ரோட்ஸ் மூன்று, ரோமன் 1,316 நாள் வைத்திருந்த பெல்ட் போயே போயிற்று.

ஏப்ரல் 8, திங்கட்கிழமை காலை. கீழே ஆபீஸ் கேப் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஜெயிக்க வேண்டியவனை விட்டுட்டு பழைய பகையை எதுக்குத் தோண்டுறான் முட்டாப்பய" என்றார். சொன்னவர் யார்? வரப்புத் தகராறில் சித்தப்பாவோடு வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பவர். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை, எங்களையும் போகவிடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை, ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆனால் அந்த சேர் கிளிப்பை எங்கே பார்த்தாலும் அப்பா முகம்தான் வருகிறது.

ட்ரம்ப் கார்டு தலைமுறை:

நீங்கள் ஓய்ந்திருக்கலாம், நான் ஓயவில்லை. ரெஸ்லர் படத்தோடு உயரம், எடை எல்லாம் போட்ட ட்ரம்ப் கார்டு விளையாட்டில், எங்கள் தெருவில் அண்டர்டேக்கர் கார்டு எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் ராஜா. உயரம் என்று சொன்னால் எதிரில் இருப்பவன் பேசாமல் தன் கார்டைக் கொடுத்துவிடுவான். அதனால் அரங்கில் விளக்கு அணைந்து அந்த மணி அடித்தபோது சோபாவில் இருந்து எழுந்து நின்றுவிட்டேன், சத்தியமாக. விளக்கு வந்தால் ராக் முதுகுக்குப் பின்னால் மனுஷன் நிற்கிறார். கழுத்தைப் பிடித்துத் தூக்கி ஒரு சோக்ஸ்லாம். மறுபடி இருட்டு, ஆள் இல்லை.

என் மகனுக்கு எட்டு வயது. அமைதியாகக் கேட்டான்: "யாருப்பா இந்தத் தாத்தா? லைட் ஆஃப் பண்ற வேலைக்கு வந்தவரா?"

அவனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது, கேன் தம்பி கதையா, சவப்பெட்டியா, தொடர்ந்து ஜெயித்த அந்த 21 ரெஸில்மேனியாவா? ஆரம்பித்தேன். பாதியிலேயே ப்ரஷ் பண்ணப் போய்விட்டான்.

பெய்லி கட்சி:

ரோமன், ராக் என்றே போகிறது, நான் வேறு ஒன்று சொல்கிறேன். பெய்லி - இயோ ஸ்கை. டேமேஜ் கன்ட்ரோல் கூட்டத்தை உருவாக்கியதே பெய்லி. ராயல் ரம்பிளில் ஜெயித்தால் ரெஸில்மேனியாவில் சாம்பியனோடு மோதலாம். அதை அவள் ஜெயித்த பிறகும் அதே கூட்டத்து அஸுகாவும் காய்ரியும் சாம்பியன் இயோவும் அவள் எதிரிலேயே ஜப்பானிய மொழியில் அவளைக் கிண்டல் செய்து சிரிப்பார்கள். ரெஸில்மேனியாவில் யாருடன் மோதப்போகிறாய் என்ற கேள்வி வந்தபோது, நீங்கள் பேசியதெல்லாம் எனக்குப் புரியும் என்று போட்டு உடைத்துவிட்டு இயோவைத் தேர்ந்தெடுத்தாள் பாருங்கள், நான் அழுதுவிட்டேன்.

ஏனென்றால் அப்போது நான் பெங்களூருவில் இருந்தேன், டீமில் மற்ற எல்லோரும் ஹிந்தி. மதியச் சாப்பாட்டு மேஜையில் என் இங்கிலீஷ் உச்சரிப்பைப் பற்றி, என் டிபன் பாக்ஸைப் பற்றி, நான் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போதே பேசுவார்கள். சீரியல் பார்த்துப் பார்த்து எனக்கு முக்கால்வாசி புரியும், அது அவர்களுக்குத் தெரியாது. பெய்லி ஜெயித்த திங்கட்கிழமை மதியம், "அந்த ஊறுகாயை இப்படி நகர்த்துங்கள்" என்று சுத்தமான ஹிந்தியில் கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மேஜை இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தாம்பரம் டாப் ரோப்:

தோழி, ஊறுகாய் சூப்பர், ஆனால் மேட்ச் சுமார்தான். கோடி - ரோமனுக்கு முந்தைய மேட்ச் என்றால் கூட்டம் மூச்சுவிடுகிற நேரம், யார் ஆடினாலும் அப்படித்தான். ட்ரம்ப் கார்டு அண்ணே, உங்கள் மகன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கோடி அப்பா டஸ்டி ரோட்ஸ் கடைசிவரை இந்த பெல்ட்டை ஜெயிக்கவில்லை, மகன் ஜெயிக்கிறான், கதை அவ்வளவுதான். அதற்கு நடுவில் ஜிம்மி, ஜே, சோலோ, சேத், சீனா, ராக், அண்டர்டேக்கர் என்று ஊரே மேடை ஏறினால் கல்யாண ரிசப்ஷன் போட்டோ மாதிரி ஆகிவிடாதா? கோடி தனியாக ஜெயித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். என் அனுபவம் இவ்வளவுதான், வீட்டில் கரன்ட் போய்விட்டது, கடைசிப் பாதியை ஃபோனில் பார்த்தேன்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சனி, ஞாயிறு ராத்திரி என்றால் நமக்கு ஞாயிறு, திங்கள் விடியற்காலை. சனிக்கிழமை எட்டரைக்கே படுத்துவிடுங்கள். முழித்துக்கொண்டே இருந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், மூன்றாவது மேட்சில் குறட்டைதான். திங்கட்கிழமை லீவை மார்ச் மாதமே போட்டுவிட வேண்டும், "உடம்பு சரியில்லை" என்று அன்று காலையில் மெசேஜ் அனுப்பினால் மேனேஜரும் ரெஸ்லிங் பார்ப்பவராக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். லைவாகப் பார்க்க முடியாதென்றால் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் போட்டால் போதாது, யூடியூப் பக்கமே போகக்கூடாது, தம்ப்நெயிலிலேயே பெல்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். காபி போடுவது, குளிப்பது எல்லாம் நுழைவு நடையின்போது. ரோமன் ரிங்குக்கு வந்து சேர்வதற்குள் இட்லியே வேகும். அப்புறம் முதல் நாளைத் தவறவிடாதீர்கள். முதல் நாள் ராக்கும் ரோமனும் ஒரு ஜோடி, கோடியும் சேத்தும் ஒரு ஜோடி. அதில் ராக் கோடியைப் பின் செய்து ஜெயித்ததால்தான் இரண்டாம் நாள் பிளட்லைன் ரூல்ஸ். கோடியும் சேத்தும் ஜெயித்திருந்தால் பிளட்லைன் ஆட்கள் ரிங் பக்கமே வந்திருக்க முடியாது. இது தெரியாமல் இரண்டாம் நாளை மட்டும் பார்த்துவிட்டு "ரெஃபரி என்ன செய்கிறான்" என்று கேட்பவர்களோடு என்னால் முடியாது.

நியூஜெர்சி குளிர்:

யாரும் லீவ் ஆலோசனை கேட்கவில்லை தம்பி :) நான் நேரில் போனேன், பிலடெல்பியா, லிங்கன் ஃபைனான்ஷியல் ஃபீல்டு, இரண்டு நாளும். முதல் நாள் காற்று இருக்கிறதே, ஏப்ரல் மாதம் என்று நம்பி ஸ்வெட்டரோடு போனவர்கள் எல்லாம் கடையில் டீஷர்ட் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள். ராக், ரோமன், கோடி, சேத் மேட்ச் முக்கால் மணி நேரம். பாதியில் எனக்கு விரல் மரத்துவிட்டது.

ரே மிஸ்டீரியோ மேட்சில் இரண்டு பெரிய ஆட்கள் முகமூடி போட்டு வந்து, எதிர்ப்பக்கம் நின்ற அவர் மகன் டொமினிக்கைப் பந்தாடினார்கள். முகமூடியைக் கழற்றியதும் அரங்கம் இடிந்துவிடும் போல் சத்தம். எனக்கு யாரென்றே தெரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஜேசன் கெல்சியும் லேன் ஜான்சனும், அந்த மைதானத்தின் சொந்த ஃபுட்பால் டீம் ஈகிள்ஸ் ஆட்கள். கெல்சி அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார்.

எனக்கு மறக்காதது இரண்டாம் நாள் பக்கத்து சீட் பெரியவர். கறுப்புச் சட்டையில் மஞ்சள் பொட்டு பொட்டாக, டஸ்டி ரோட்ஸ் போட்டுக்கொள்வாரே, அது. அமெரிக்காவில் இத்தனை வருஷத்தில் பக்கத்து சீட்காரர் என்னைத் தொட்டதே இல்லை. கோடி ஜெயித்து, அறிவிப்பாளர் சமந்தா இர்வின் குரல் உடைந்து பெயரைச் சொன்னதும், மனுஷன் என் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பிவிட்டார். நான் என்ன செய்வதென்று தெரியாமல், நம் ஊர் துக்க வீட்டில் செய்வது போல முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன். தாம்பரம் தம்பி, ரிசப்ஷன் போட்டோ என்கிறீர்களே, அங்கே நின்றவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

க்ளேமோர் கிழவன்:

முதல் பதிவுக்கு வருகிறேன். 2014 கணக்கு 2014 கணக்கு என்கிறீர்கள், 2022 ராயல் ரம்பிளில் இதே சேத் இதே ஷீல்ட் உடுப்பில் வந்தபோது ரோமன் அவனைச் சேரால் வெளுத்து வாங்கியாயிற்று. அப்போதே கணக்கு முடிந்தது. அதனால் இதை நான் பகை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன், சேத் உடுப்பைக் காட்டியே அவனைத் தூண்டில் போட்டான். அதுவும் எப்படிப்பட்ட சேத், முதல் நாள் முக்கால் மணி நேரம், இரண்டாம் நாள் முதல் மேட்சிலேயே ட்ரூ மெக்கின்டயரிடம் தன் பெல்ட்டை (ரோமனுடையது இல்லை, இன்னொரு உலக சாம்பியன் பெல்ட்) பறிகொடுத்துவிட்டு, முட்டி வேறு சரியில்லாமல்.

ட்ரூ என்றதும்தான் என் வயிற்றெரிச்சல். 2020-ல் அவன் முதன்முதலாகப் பெரிய பெல்ட்டை ஜெயித்தது கொரோனாவில் ஆளில்லாத ஹாலில். ரெஸில்மேனியா இரண்டு நாளானதே அந்த வருஷம்தான். நான்கு வருஷம் கழித்து முழு மைதானத்தின் முன்னால் ஜெயிக்கிறான். நேராக மனைவியிடம் போனவன் அப்படியே லாக்கர் ரூமுக்குப் போக வேண்டியதுதானே? வர்ணனை மேஜையில் உட்கார்ந்திருந்த சிஎம் பங்க்கிடம் போய் வம்பிழுத்தான். பங்க் கட்டுப்போட்ட கையாலேயே போட்டான், டேமியன் ப்ரீஸ்ட் பிரீஃப்கேஸோடு (அது கையில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் சாம்பியனோடு மேட்ச் கேட்கலாம்) ஓடி வந்தான், ஆறு நிமிடம்கூட ஆகவில்லை, பெல்ட் கைமாறிவிட்டது. நான் ட்ரூ ஜெயித்ததும் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஸ்டேட்டஸுக்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி. ஏனென்று யாரும் சொல்லவில்லை, எல்லாரும் ஒன்றுகூடிச் சிரிக்கிறார்கள்.

மாண்ட்ரியல் மாமா:

அப்போ முதல் நாள் கன்தர் 666 நாள் வைத்திருந்த இன்டர்கான்டினென்டல் பெல்ட்டை சாமி ஸெய்ன் பிடுங்கியது யாருக்குமே ஞாபகம் இல்லையா? ஹாங்கி டாங்க் மேனின் 454 நாள் சாதனையை உடைத்த ஆள் ஐயா கன்தர். சாமி மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவளைப் பார்த்துக்கொண்டே கன்தர் சாமியை அடித்தான். என் மனைவிக்கு ரெஸ்லிங் என்றாலே ஆகாது, அடுப்படியில் இருந்து கரண்டியோடு வந்து "அந்தப் பொண்ணு முன்னாடி எதுக்குடா அவனை அடிக்கிற" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். சாமி ஜெயிக்கும்வரை நகரவில்லை. சட்னி தீய்ந்துவிட்டது.

இப்போது வாரா வாரம் "அந்த சிவப்புத் தாடிக்காரன் வரானா" என்று கேட்கிறாள். அவனுக்கு மேட்ச் இல்லையென்றால் ரிமோட் எனக்கில்லை.