லண்டனில் கட்டிய பென்ஷன்: மீதி வரிக் கழிவைக் கொழும்பிலிருந்து கேட்கலாமா?

கேள்வி (வெள்ளவத்தை): 2024 மார்ச் வரை லண்டனில் வேலை. சொந்த வங்கிக் கணக்கிலிருந்து தனியார் பென்ஷனுக்கு 2022-23இல் 3,200 பவுண், 2023-24இல் 4,800 பவுண் கட்டினேன். பி60இல் (முதலாளி தரும் வருடச் சம்பள, வரிச் சான்று) வருமானம் 52,270, பிறகு 58,000. வேறு வருமானம் இல்லை. 40 வீத வரி கட்டியவர் இன்னும் 20 வீதம் கேட்கலாமாம். அப்படியென்றால் எனக்கு 640உம் 960உம் வரவேண்டும், சரிதானே? செல்ஃப் அசெஸ்மென்ட் (வருமான வரி அறிக்கை) ஒருநாளும் நிரப்பியதில்லை. இங்கிருந்தபடி தொடர்ந்து கட்டவும் முடியுமா?

பதில் 1: இரண்டும் பிழை தம்பி. ஒன்று கூடிப்போச்சு, மற்றது குறைஞ்சுபோச்சு.

நீங்கள் 80 கட்டினால் பென்ஷன் கம்பனி வரித் திணைக்களத்திடம் 20 வாங்கி 100 ஆக்கிவிடும். கணக்கை அந்த 100இல் போடவேண்டும். 3,200ஐ 0.8ஆல் வகுத்தால் 4,000. ஆனால் 40 வீதம் 50,270க்கு மேலேதான். அந்த வருடம் உங்களுக்கு அதற்கு மேல் இருந்தது 2,000 மட்டும், ஆகவே கிடைப்பது 400. அடுத்த வருடம் 4,800 என்பது 6,000. எல்லைக்கு மேல் 7,730 இருப்பதால் முழுவதற்கும் 1,200 வரும். கூட்டினால் உங்கள் 1,600தான், வேடிக்கை! ஆனால் ஒவ்வொரு வருடத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள், பிழையான தொகையை எழுதிவிடாதீர்கள். (ஸ்கொட்லாந்தில் இருந்தவர்களுக்கு வீதங்கள் வேறு.)

பதில் 2: மேலே பதில் சொன்ன அக்காவின் கணக்கு சரி. செல்ஃப் அசெஸ்மென்ட் தேவையில்லை, எச்.எம்.ஆர்.சியிடம் (பிரித்தானிய வரித் திணைக்களம்) இணையத்தில் அல்லது கடிதத்தில் கேட்கலாம். 2025 செப்டம்பர் 1 முதல் தொலைபேசியில் எடுப்பதில்லை, ஆதாரமும் கேட்கிறார்கள். இணையத்தில் உள்நுழையும் கோட் பழைய லண்டன் போன் நம்பருக்குத்தான் போகுமென்றால் கடிதமே சுகம்.

ஆதாரத்தைப் பென்ஷன் கம்பனியிடம் எடுங்கள். வருட அறிக்கை போதாமல் போகலாம்: அது பொலிசி தொடங்கிய தேதிப்படி வரும், வரியாண்டோ ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை. வரியாண்டுப்படி பிரித்து, நீங்கள் கட்டியது எவ்வளவு, கம்பனி 20 வீதம் எடுத்ததா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நெஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தையும் மறக்கவேண்டாம்.

கெடு: 2022-23க்கு 2027 ஏப்ரல் 5, 2023-24க்கு 2028 ஏப்ரல் 5.

இங்கிருந்து கட்டுவதென்றால், அங்கே இருக்கும்போது தொடங்கிய திட்டம் என்றபடியால் 2028-29 வரியாண்டு வரை வருடம் 2,880 கட்டலாம், அது 3,600 ஆகும். கொழும்புச் சம்பளம் கணக்கில் வராது. கம்பனி ஏற்குமா என்று முதலில் கேளுங்கள்.

கேட்டவர்: நன்றி. சம்பளச் சீட்டில் நெஸ்ட் (வேலையிட பென்ஷன் திட்டம்) கழிவும் இருக்கிறது, அது சேருமா?

பதில் 1: சலரி சக்ரிஃபைஸ் (சம்பளத்தைக் குறைத்து அந்தத் தொகையை முதலாளியே பென்ஷனுக்குக் கட்டுவது) என்றால் சேராது, அந்தச் சலுகை சம்பளத்திலேயே கிடைத்துவிட்டது. இல்லையென்றால் நெஸ்ட்டும் உங்கள் தனியார் பென்ஷன் போலத்தான், நீங்கள் கட்டிய பங்கு மட்டும் சேரும், முதலாளியின் பங்கு இல்லை. 2022-23இல் அந்த 2,000 ஏற்கெனவே முடிந்துவிட்டது, பயனில்லை. 2023-24இல் இன்னும் 1,730க்கு இடமிருக்கு, அதாவது ஆகக் கூடினால் 346 பவுண்.