பட்டி ஃபிராங்க்ளினின் சிட்னி ஒப்பந்தம்: வெற்றியா, வீண் செலவா?

பழுப்புப்பருந்து:
ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து (AFL) ஃபார்வர்டு லான்ஸ் 'பட்டி' ஃபிராங்க்ளின் எங்கள் ஹாதார்ன் அணியில் 2 பிரீமியர்ஷிப் (சாம்பியன் கோப்பை) வாங்கினார், 2008-லும் 2013-லும். அப்புறம் 9 வருடம், 1 கோடி டாலர் என்று சிட்னி ஸ்வான்ஸுக்குப் போனார். அங்கே கோப்பை பூஜ்யம். 2014, 2016, 2022 என மூன்று கிராண்ட் ஃபைனலிலும் தோல்வி. 2014-ல் எங்களிடமே 63 புள்ளியில் தோற்றார்கள். அவர் இல்லாமலேயே நாங்கள் அடுத்தடுத்து 2 கோப்பை வாங்கினோம். அந்தப் பணம் வீண் என்பதுதான் என் கட்சி.

சிவப்பன்னம்:
அந்த 2014 இறுதி ஆட்டத்தில் பட்டி 4 கோல் போட்டார். மற்றவர்கள் கைவிட்டால் ஒரு ஃபார்வர்டு என்ன செய்வார்? பந்து நடுக்களத்திலிருந்து வந்தால்தானே முன்வரிசைக்கு வேலை! சிட்னிக்கு வந்த முதல் வருடமே கோல்மன் பதக்கம், அதாவது சீசனில் அதிக கோல் போட்டவருக்கான பதக்கம். 2017-ல் மறுபடியும். அந்த சீசனின் கடைசி வாரம் கார்ல்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 10 கோல். அதுதான் பதக்கத்தை அவர் கையில் கொடுத்தது.

பழுப்புப்பருந்து:
பதக்கம் தனி ஆளுக்கு, கோப்பை அணிக்கு. 2016 இறுதியில் கடைசிக் கட்டத்தை மறந்துவிட்டீர்களா? பட்டி பந்தோடு போகும்போது பின்னாலிருந்து டேல் மாரிஸ் வந்து மடக்கினார். பந்து நழுவி டாம் பாய்டிடம் போனது. அவர் வெகு தூரத்திலிருந்து உதைத்தார், உருண்டு கோலுக்குள் போனது. அவர்களுடைய வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணி 22 புள்ளியில் ஜெயித்தது. 2022-ல் ஜீலாங்கிடம் 81 புள்ளி வித்தியாசம். அன்றும் பட்டி எடுபடவில்லை. அதற்கு முன்பு 2020 சீசன் முழுக்கக் காயம், ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சம்பளம் மட்டும் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்புக் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் இரண்டு நல்ல இளம் வீரர்களை வைத்திருக்கலாம்.

சிவப்பன்னம்:
2016-ல் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அந்தக் காலோடுதான் மீதி ஆட்டத்தை ஆடினார், அதையும் சொல்லுங்கள்.

பழைய_ஆட்டக்காரன்:
இரண்டு பேரும் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள், தம்பிகளா. டோனி லாக்கெட். செயின்ட் கில்டா அணியிலிருந்து 1995-ல் சிட்னிக்கு வந்த ஃபார்வர்டு. 1996 இறுதியில் நார்த் மெல்பனிடம் தோல்வி. அவர் ஆட்டவாழ்வில் ஒரு பிரீமியர்ஷிப்கூட இல்லை. ஆனால் லாக்கெட்டை வாங்கியது வீண் என்று சிட்னியில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ரக்பி ஊரில் இந்த ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்த்தவர் அவர். அதே அளவுகோலை பட்டிக்கும் வையுங்கள்.

கோல் கணக்கு கேட்டால் நான் லாக்கெட் பக்கம்தான். 281 ஆட்டத்தில் 1,360 கோல், இன்றுவரை முறியாத சாதனை. பட்டி 354 ஆட்டத்தில் 1,066, நான்காம் இடம். ஆனால் காலம் வேறு. லாக்கெட் ஆடியபோது முன்வரிசையில் ஒற்றைக்கு ஒற்றையாக நிற்க இடம் கிடைத்தது. பட்டி காலத்தில் எதிரணி பின்வரிசையை நிறைத்து நின்றது. 2008-ல் பட்டி போட்ட 113 கோலுக்குப் பிறகு யாரும் ஒரு சீசனில் நூறைத் தொடவில்லை. 199 செ.மீ. உயரத்தில், எல்லைக்கோட்டை ஒட்டி ஓடி, இடதுகாலால் வளைத்து உதைப்பதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

பழுப்புப்பருந்து:
கூட்டம் சேர்த்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளப் நடத்துவது கோப்பைக்காக. 2012-ல் சிட்னி எங்களை இறுதியில் தோற்கடித்தபோது பட்டி எங்கள் பக்கம் இருந்தார். அவர் இல்லாமல் வாங்கிய கோப்பையை, அவர் வந்த பிறகு வாங்க முடியவில்லையே?

சிவப்பன்னம்:
கோப்பைக்கு 18 அணி போட்டி போடுகிறது. 2015-ல் பிளேஆஃபுக்கு முன்னால் மனநலக் காரணத்தால் விலகினார், கிளப் அவரோடு நின்றது. அடுத்த வருடம் திரும்பி வந்து அணியை இறுதிவரை கொண்டுபோனார். இதற்கெல்லாம் மதிப்பே இல்லையா?

2022 மார்ச் 25 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு 4 கோல் பாக்கி வைத்துக்கொண்டு ஜீலாங்குக்கு எதிராக இறங்கினார். நான்காவதும் விழுந்தது. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் இருந்த கூட்டம் வேலியைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் குழந்தைகளில் பலர் இன்று ஞாயிற்றுக்கிழமை ஓவல் மைதானத்தில் ஷெரின் பந்தை, இந்த ஆட்டத்தின் பந்தை, உதைக்கிறார்கள். ஒப்பந்தம் போட்டவர்கள் கேட்டது கோப்பையும்தான், மறுக்கவில்லை. கிடைத்தது இது. என் கணக்கில் 1 கோடி டாலருக்கு இது குறைவில்லை.

பழைய_ஆட்டக்காரன்:
1999-ல் லாக்கெட் பழைய வீரர் கோர்டன் கோவென்ட்ரியின் 1,299 கோல் சாதனையை முறியடித்தபோதும் இதே மைதானத்தில் கூட்டம் இப்படித்தான் இறங்கியது. பருந்துத் தம்பி, அடுத்த முறை ஹாதார்ன் ஒரு ஃபார்வர்டுக்கு இவ்வளவு பணம் கொடுக்கிறதா என்று பார்ப்போம்.

பழுப்புப்பருந்து:
கொடுத்தால் நான் எதிர்ப்பேன். 4 வருடத்துக்கு மேல் எந்த ஃபார்வர்டுக்கும் கையெழுத்து வேண்டாம், பட்டியே திரும்பி வந்தாலும்.