ஒரே வேலை, வேறு சம்பளம்: சட்டப்படி கேட்க முடியுமா?

கேள்வி
கோவையில் ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) யூனிட். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் மூன்று பேர். பெண் ஊழியருக்கு 5 வருட சர்வீஸ், மாதம் 19,500. இரண்டு ஆண்கள் போன வருடம் சேர்ந்தவர்கள், ஆளுக்கு 24,000. மூவரும் டிப்ளமோ. அதே மைக்ரோமீட்டர், அதே ரிப்போர்ட் ஃபார்ம். இது செல்லுமா? ஆண்களுக்குள்ளேயே வித்தியாசம் இருந்தால்?

பதில் 1
கடைசிக் கேள்விக்கு முதலில். தனியார் கம்பெனியில் இரண்டு ஆண்களுக்குள் சம்பளம் வேறுபட்டால், அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாதவரை அவரவர் பேசி வாங்கியதுதான். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று எல்லோரும் எடுத்துக் காட்டும் ரந்தீர் சிங் (1982), ஜக்ஜித் சிங் (2016) தீர்ப்புகள் அரசு ஊழியர்களைப் பற்றியவை.

ஆண், பெண் என்று வந்தால் கதை வேறு. முன்பு 1976 சம ஊதியச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 3வது பிரிவு. தனியாருக்கும் பொருந்தும். வேலைக்குத் தேவையான திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஒன்றாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒருவரை ‘ஹெல்பர்’ என்றும் இன்னொருவரை ‘இன்ஸ்பெக்டர்’ என்றும் எழுதிவைப்பது பழைய தந்திரம்; ரிப்போர்ட்டில் இருக்கும் கையெழுத்தே அதை உடைத்துவிடும்.

பதில் 2
அதற்கு முன் அந்த 24,000 என்ன தொகை என்று பாருங்கள். சிடிசி (கம்பெனி ஒருவருக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை) என்றால், பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்து 15,000 என வைத்துக்கொள்வோம். கம்பெனி பங்கு பிஎஃப் 1,800, கிராச்சுவிட்டி 4.81% என்று சுமார் 720, ஊழியர் பங்கு பிஎஃப் 1,800 போனால் கையில் வருவது ஏறக்குறைய 19,680. பெண்ணின் 19,500 கையில் வரும் தொகையாக இருந்தால் சண்டை 180 ரூபாய்க்குத்தான்! பே ஸ்லிப்பில் பேசிக்கை பேசிக்கோடு ஒப்பிடுங்கள். நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் தனி வரியில் இருந்தால் அது நியாயமான வித்தியாசம்.

மூவரின் ஸ்லிப்பிலும் ஒரே கம்பெனி பெயர்தானா? 3வது பிரிவு ‘ஒரே முதலாளி’ என்கிறது. பெண் மட்டும் கான்ட்ராக்டர் ரோலில் (கான்ட்ராக்டரின் ஊழியர் பட்டியலில்) இருந்தால் சிக்கல்.

கேட்டவர்
மூவரும் கம்பெனி ரோல்தான். 19,500, 24,000 இரண்டும் கிராஸ் (பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம்). ‘கட்டுப்படியாகாது’ என்கிறார்கள். ஆண்களுடையதைக் குறைத்துச் சமமாக்கிவிட்டால்?

பதில் 1
குறைக்கக் கூடாது, அதே பிரிவு தடுக்கிறது. கட்டுப்படியாகாது என்ற வாதத்தை, ஒரு பெண் ஸ்டெனோ சம ஊதியம் கேட்ட மெக்கின்னன் மெக்கென்சி கம்பெனி வழக்கில் 1987லேயே சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. யூனியன் ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டார்கள் என்பதும் அங்கே எடுபடவில்லை.

முதலில் எச்ஆருக்கு எழுத்தில் கேளுங்கள், தேதியிட்ட நகல் கையில் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு. கோருவதற்கு 3 வருடம் வரை அவகாசம் உண்டு. பாக்கியோடு அதன் 10 மடங்கு வரை இழப்பீடு போட அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. முழுதும் போடுவார்கள் என்று கணக்குப் பண்ண வேண்டாம்.

பதில் 2
ஒன்று மட்டும்: சக ஊழியரின் ஸ்லிப்பை போட்டோ எடுத்து மனுவில் ஒட்டாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் சம்பள ரகசிய ஷரத்து இருந்தால் அவர் மாட்டுவார். வித்தியாசத்தை மட்டும் எழுதி, சம்பளப் பதிவேட்டை வரவழைக்கும்படி அதிகாரியிடமே கேளுங்கள்.