வீட்டுக்கு இருக்கிற ஒரே கம்ப்யூட்டர்: மினி பிசி தாங்குமா?

அச்சுக்கோப்பு (கும்பகோணம்):

எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, குடமுழுக்கு அழைப்பிதழ், கருமாதிக் கடிதம், சங்கத்து ஆண்டறிக்கை என்று எது வந்தாலும் தட்டச்சு செய்து, லேஅவுட் போட்டு, பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்கு அனுப்புவேன். தை, ஆவணி என்றால் ராத்திரி பதினொன்றுக்குக்கூட "அக்கா, மாமா பேரில் ஒரு எழுத்து மாத்தணும்" என்று போன் வரும்.

இப்போது இருப்பது பழைய டவர். மேசைக்கடியில் காலை நீட்ட விடாது. சாயங்காலம் எங்கள் தெருவில் லோ வோல்டேஜ் ஆனால் தானாக ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் 10-லேயே நிற்கிறது, 11 ஏறாது என்று திரையிலேயே எழுதிவிட்டது. போன வாரம் மதர்போர்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. இனி அதற்குச் செலவு செய்ய மனசு வரவில்லை.

வங்கிக் கவுன்டரில் மானிட்டருக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்ததிலிருந்து அதுமேல் ஒரு கண். கடையில் கேட்டால், "அது ஆபீசுக்குத்தான் மேடம், வீட்டுக்குத் தாங்காது, புது டவர் போட்டுத் தர்றேன்" என்கிறார்.

என் வேலை: பேஜ்மேக்கர் 7 (பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள், சிரிக்காதீர்கள், எங்கள் ஊர் அச்சகங்கள் இன்னும் அந்தக் கோப்பைத்தான் கேட்கின்றன), படம் வரையும் கோரல்டிரா, யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் ஒரு மூட்டை. வீட்டுக்காரர் டேலியில் கணக்குப் பார்ப்பார். மகள் பதினொன்றாம் வகுப்பு, சி பிளஸ் பிளஸ் போட்டுப் பார்க்க வேண்டும். மகனுக்கு கேம் வேண்டுமாம். கையில் 25 ஆயிரம். மானிட்டர் பழசு, நீல முனை விஜிஏ மட்டும் உள்ள 19 அங்குலம், அதை மாற்றும் எண்ணம் இல்லை. வீட்டுக்கு இருக்கப்போகிற ஒரே கம்ப்யூட்டர் அந்தச் சின்னப் பெட்டி என்றால் சரிவருமா?

வெள்ளைப்பெட்டி:

ஆப்பிளோட மேக் மினி வாங்கிடுங்க, கேள்வியே இல்லை. 2024-ல வந்த எம்4 மாடல் 12.7 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம், அவ்வளவுதான். ஆரம்ப மாடல்லயே 16 ஜிபி ராம். காத்தாடி ஓடுற சத்தமே கேக்காது. தமிழ்99, அஞ்சல் ரெண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கு, தனியா எதுவும் போட வேண்டாம். பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏத்தினா பத்து வருஷத்துக்குக் கவலையில்லை.

பழையஇரும்பு (மதுரை):

வெள்ளைப்பெட்டி சொல்றது நல்ல மெஷின்தான், மறுக்கல. ஆனா அக்கா கேள்வியை முழுசாப் படிச்சீங்களா? பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல. அதோட மேக் பதிப்பு அந்தக் கால மேக் ஓஎஸ் 9-க்கு எழுதினது, இன்னைக்கு மேக்ல ஓடாது. அக்காகிட்ட இருக்கிற விண்டோஸ் பதிப்பை அதுல ஓட்டணும்னா மெய்நிகர் இயந்திரம் (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) போட்டு, அதுக்குள்ள மேக் சிப்புக்கேத்த ஆர்ம் விண்டோஸ் போட்டு, அதுக்குள்ள பேஜ்மேக்கர் போடணும். ராத்திரி பதினொரு மணிக்கு மாமா பேரை மாத்துற ஆளுக்கு இது எதுக்கு? விலையும் 25-க்குள்ள வராது.

அக்கா, நான் சின்ன ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர் பராமரிப்பு பாக்குறேன். என் வீட்லயும் ஒரே கம்ப்யூட்டர், அதுவும் அந்த மாதிரிப் பெட்டிதான். கடைக்காரர் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்க. ஆபீஸ்ல அது காலைல ஒம்பது மணிக்கு ஆன் ஆனா சாயங்காலம் வரைக்கும் ஓடுது, வருஷக்கணக்கா. அதைத் தாங்குறது வீட்டை எப்படித் தாங்காமப் போகும்? டவர் போட்டாத்தான் அவருக்கு கேபினெட், எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்டு கொடுக்கிற பெட்டி), போர்டுன்னு நாலு இடத்துல மார்ஜின்.

உங்களுக்கு நான் சொல்றது புது மினி பிசி இல்ல. கம்பெனிகள் கழிச்சு விடுற ஒரு லிட்டர் மெஷின். 18 சென்டிமீட்டர் சதுரம், மூணரை சென்டிமீட்டர் உயரம், கொள்ளளவு சுமார் ஒரு லிட்டர், அதான் அந்தப் பேரு. லெனோவோல திங்க்சென்டர் டைனி, டெல்லுல ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பில எலைட்டெஸ்க், ப்ரோடெஸ்க் மினி. மூணுல எது நல்ல நிலைமைல கிடைச்சாலும் எடுக்கலாம், எனக்குப் பிராண்டு பக்தி கிடையாது.

பிராசசரோட தலைமுறைதான் முக்கியம். "ஐ5 மேடம்"னு மட்டும் சொல்லுவாங்க. அதுக்கு அப்புறம் வர்ற எண்ணைப் பாருங்க. 6500டி, 7500டின்னு இருந்தா ஆறாவது, ஏழாவது தலைமுறை. அதுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, குறுக்கு வழியில ஏத்தி விப்பாங்க. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு, அதனால அந்த வழிக்குப் போகவே வேண்டாம். 8500டின்னா எட்டாவது தலைமுறை, ஆறு கோர், 2018 சரக்கு. மாடல் பேர்ல கேக்கணும்னா லெனோவோல எம்720க்யூ, எம்920க்யூ, ஆப்டிபிளெக்ஸ் 3060 அல்லது 7060 மைக்ரோ, எலைட்டெஸ்க் 800 ஜி4. கடைசில வர்ற டி-ன்னா 35 வாட் ரகம்னு அர்த்தம், அதனாலதான் அவ்வளவு சின்னப் பெட்டிக்குள்ள சூடு அடங்குது.

கடையில நின்னு பாக்க வேண்டியது. முதல்ல அடாப்டர். கரண்டு உள்ள வர்றது லேப்டாப் மாதிரி வெளியில இருக்கிற அடாப்டர் வழியாத்தான். அந்தந்தக் கம்பெனி அடாப்டர், அதுக்குரிய வாட்டோட வேணும். டெல் மெஷின் அடாப்டரை அடையாளம் காணலைன்னா பிராசசர் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். வாங்கினவங்க "மெஷின் ஸ்லோ"ன்னு விண்டோஸைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டு இருப்பாங்க, குத்தம் அந்தக் கறுப்புக் கட்டியில இருக்கும். அடுத்து, பயோஸுக்குள்ள (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற அமைப்புத் திரை) போகச் சொல்லுங்க. டெல்லுக்கு எஃப்2, லெனோவோவுக்கு எஃப்1, எச்பிக்கு எஃப்10. பாஸ்வேர்டு கேட்டா வச்சிட்டு வந்துடுங்க. பழைய கம்பெனி போட்ட பூட்டு அது, கடைக்காரருக்கே தெரியாது.

அப்புறம் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. பின்னாடி ஒரே ஒரு திருகுதான். கழட்டி, மேல்மூடியை முன்பக்கமாத் தள்ளினா கையோட வந்துடும். காத்தாடி பக்கத்துல சூட்டை இறக்குற உலோக மடிப்பு இருக்கும், அதுல தூசி கம்பளிப் போர்வை மாதிரி அடைச்சிருக்கும் பாருங்க. அது பரவாயில்ல, பிளோயர் வச்சு ஊதிட்டு தெர்மல் பேஸ்ட் புதுசாத் தடவினாப் போதும். திறக்கவே மாட்டேன்னு சொல்ற கடையிலதான் வாங்கக் கூடாது. உள்ள லேப்டாப் ராம் போடுற இடம் ரெண்டு இருக்கும். 16 ஜிபி ஒரே குச்சியா வேண்டாம், 8 + 8-ஆ கேளுங்க. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால திரைக்கும் அந்த ராம்தான் வேலை செய்யுது, ரெண்டு குச்சி இருந்தா அதுக்கு நல்லது. சேமிப்புக்கு எம்.2 எஸ்எஸ்டி ஒண்ணு, அதுபோக லேப்டாப் ஹார்டு டிஸ்க் மாட்ட ஒரு தட்டு. உங்க பழைய ஃபைல் எல்லாம் அந்தத் தட்டுல உக்காந்துக்கும்.

வைஃபை இருக்கான்னு கேட்டுக்கங்க. ஆபீஸ்ல லேன் வயர்தான்கிறதால நிறையப் பெட்டியில அந்தக் கார்டே இருக்காது. டிவிடி டிரைவும் கிடையாது. பேஜ்மேக்கர் சிடி வச்சிருந்தீங்கன்னா, டவர் உயிரோட இருக்கும்போதே பென் டிரைவ்ல ஏத்தி வச்சுக்கங்க, எழுத்துரு மூட்டையோட சேத்து.

மகனோட கேமுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பழைய, லேசான கேம் ஓடும். புதுசா வர்ற பெரிய கேம் ஓடாது. டைனிக்குள்ள ரைசர்ங்கிற இணைப்புக் கார்டு வச்சு குட்டி கிராபிக்ஸ் கார்டு மாட்டுற கிறுக்கர்களும் இருக்காங்க, நானும் அந்த ஜாதிதான், ஆனா பத்திரிகை சீசன்ல உங்க வீட்டுல அந்த விளையாட்டு வேண்டாம்.

கரண்டுகாரன்:

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அதே காசுக்குப் பழைய லேப்டாப் வாங்கினால் பேட்டரியும் சேர்ந்து வருமே? டெல்டா பக்கம் மின்வெட்டு இல்லாத நாள் உண்டா? மினி பெட்டியில் கரண்டு போன நொடியே எல்லாம் போச்சு. சேமிக்காத ஆண்டறிக்கையை யார் திருப்பி அடிப்பது?

பழையஇரும்பு:

நியாயமான கேள்வி. நாளெல்லாம் வெளிய தூக்கிட்டுப் போற ஆளுன்னா நானும் லேப்டாப்னுதான் சொல்லுவேன். ஆனா அக்கா உக்காந்த இடத்துல மணிக்கணக்கா எழுத்து அடிக்கிறவங்க. லேப்டாப்பைக் குனிஞ்சு பாத்து கழுத்து போயிடும், கடைசில மானிட்டரும் கீபோர்டும் வெளியில மாட்டித்தான் ஆகணும். அது போக, பழைய லேப்டாப்போட பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்னு விக்கிறவருக்கே தெரியாது. உப்பிப்போன பேட்டரியை நான் கழட்டி எடுக்காத மாசம் கிடையாது.

மின்வெட்டுக்கு 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு போதும். டவருக்கு அது ஷட்டவுன் பண்ற நேரம்தான் கொடுக்கும். இந்தப் பெட்டி சும்மா எழுத்து அடிக்கிறப்ப இழுக்கறது 10, 15 வாட், மானிட்டர் ஒரு 20 வாட். பேட்டரி புதுசா இருந்தா அரை மணிக்கு மேலயே தாங்கும். வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா இன்னும் சுலபம். அதோட முதுகுல யுபிஎஸ், நார்மல்னு ஒரு சுவிட்ச் இருக்கும், சிலதுல நார்மலுக்குப் பதிலா ஈகோன்னு போட்டிருப்பான். அதை யுபிஎஸ் பக்கம் தள்ளி வைங்க. நார்மல்ல இருந்தா மாறுற நேரம் கூட, கம்ப்யூட்டர் விழுந்துடும். முக்காவாசி வீட்டுல அந்தச் சுவிட்ச் இருக்கிறதே தெரியாது.

அக்கா சொன்ன லோ வோல்டேஜ் விஷயத்துக்கும் இதுலயே தீர்வு இருக்கு. அடாப்டர் மேல இன்புட்னு போட்டிருக்கிறதைப் படிங்க, 100-லேர்ந்து 240 வோல்ட்டுன்னு இருக்கும். தெருவுல 170-க்கு இறங்கினாலும் அது அசராது. டவர்ல விலை கம்மியான எஸ்எம்பிஎஸ் அங்கதான் கையைத் தூக்குது.

ஈபி பில்லையும் கணக்குப் போடலாம். டவரை விட 50 வாட் குறைச்சல்னு வைங்க, தினம் எட்டு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 24 யூனிட். பெரிய தொகை இல்லதான். ஆனா 500 யூனிட் எல்லையில நிக்கிற வீடுன்னா, அதைத் தாண்டினா வீதமே மாறிடுது பாருங்க, அங்க இந்த 24 பேசும்.

நூறுக்காரர்:

நான் இன்டெல் என்100 பிராசசர் போட்ட புது மினி பிசி வைத்திருக்கிறேன், எதிர்த்தரப்புக்கு ஒரு வார்த்தை. அதன் பிராசசர் 6 வாட் ரகம், நாலு கோர். 8500டி-யில் இல்லாத ஏவி1 (யூடியூப் பயன்படுத்தும் ஒரு வீடியோ வடிவம்) வசதி இதில் இருப்பதால் யூடியூப் நோகாமல் ஓடும். வாரன்டி உண்டு. பிரவுசர், டேலி, பாடம் மட்டும் என்றால் இதுவே தாராளம். ஆனால் கோரலில் நாலு பக்க மல்டிகலர் படங்களோடு திறந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கும். ராம் போடவும் ஒரே சேனல்தான், இரட்டைக் குச்சிப் பலன் கிடையாது. அச்சுக்கோப்பு அக்காவின் வேலைக்கு நானும் ஒரு லிட்டர் கட்சி.

அச்சுக்கோப்பு:

அனைவருக்கும் நன்றி. எம்720க்யூ, 8500டி, 16 ஜிபி ஒன்று திருச்சியில் இருக்கிறதாம், மூடியைத் திறந்து காட்டவும் சம்மதித்துவிட்டார். மேக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்னும் இரண்டு சந்தேகம். பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று, எச்டிஎம்ஐ ஒன்றுதான் இருக்கிறதாம், என் விஜிஏ மானிட்டர் என்ன ஆகும்? பேஜ்மேக்கர் விண்டோஸ் 11-ல் நிஜமாகவே ஓடுமா?

பழையஇரும்பு:

விஜிஏக்கு ஒரு கன்வெர்ட்டர் போதும். ஆனா கேக்கும்போது திசையோட கேளுங்க: "எச்டிஎம்ஐலேர்ந்து விஜிஏ". "விஜிஏலேர்ந்து எச்டிஎம்ஐ"ன்னு பாக்க ஒரே மாதிரி இன்னொண்ணு இருக்கு, அது எதிர்ப்பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். டிஸ்ப்ளேபோர்ட்லேர்ந்து விஜிஏவும் கிடைக்கும். மானிட்டருக்குப் பின்னாடி மாட்டணும்னா அதோட முதுகுல 10 சென்டிமீட்டர் சதுரமா நாலு திருகு ஓட்டை இருக்கான்னு பாருங்க. அதுக்குரிய தாங்கியைத் தனியாத்தான் கேட்டு வாங்கணும். ஆனா மானிட்டர் ஸ்டாண்டும் அதே நாலு ஓட்டையில மாட்டியிருந்தா இடம் இருக்காது, அப்ப மேசை மேலயே வைங்க. டிராயருக்குள்ள வைக்காதீங்க, காத்து வேணும். சக்கரை டப்பா பக்கத்துலயும் வேண்டாம், ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் பெட்டிக்குள்ள சித்தெறும்பு குடித்தனமே நடத்துச்சு.

பேஜ்மேக்கர் 7 ஓடுது, ரெண்டு அச்சகத்துல நானே போட்டுக் கொடுத்து ஓடிக்கிட்டு இருக்கு. நிர்வாகி உரிமையோட திறங்க. பிரின்டர் ஒண்ணு டீஃபால்ட்டா நிறுவி இருக்கட்டும், இல்லைன்னா அது முரண்டு பிடிக்கும். எழுத்துருவை நிறுவும்போது ரைட் கிளிக் பண்ணி எல்லாப் பயனருக்கும்ங்கிற மாதிரி இருக்கிறதைத் தேர்வு செய்ங்க, சும்மா நிறுவினா பழைய மென்பொருள்ல அது தலைகாட்டாமப் போகலாம். திருச்சி போறப்ப ஒரு பழைய பேஜ்மேக்கர் (பிஎம்டி) ஃபைலைப் பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போயி, அங்கயே திறந்து பாத்துட்டு காசைக் கொடுங்க.