உறையிலிருந்து எடுத்ததும் சிவப்புப் புள்ளி கண்ணில் படுவதில்லை

ஐபிஎஸ்சி எனும் செயல்முறைத் துப்பாக்கி சுடுதல் போட்டியின் புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் பிரிவில் சிஇசட் ஷேடோ 2 கைத்துப்பாக்கி கொண்டு போட்டியிடுகிறேன். சென்ற ஆண்டு வழக்கமான இரும்புக் குறியை விட்டு, சிறு ஆடியில் ஒளிப்புள்ளி காட்டும் சிவப்புப் புள்ளிக் குறிக்கு மாறியதிலிருந்து, உறையிலிருந்து எடுத்துக் கையை நீட்டும்போது குழல்முனை சற்றே தூக்கி நிற்பதால் புள்ளி ஆடியின் மேல்விளிம்பைத் தாண்டிவிடுகிறது. அதைத் தேடுவதற்குள், பத்து மீட்டர் இலக்கில் 1.4 நொடியில் வெடித்துக்கொண்டிருந்த முதல் குண்டு 1.9 நொடிக்குத் தள்ளிப்போகிறது. இரண்டாவது குண்டிலிருந்து புள்ளி ஒழுங்காகவே திரும்பி வருகிறது என்பதுதான் விந்தை.

ஆடியின் முன்புறத்தை நாடாவால் மறைத்து இரு கண்களும் திறந்தபடி குண்டில்லாப் பயிற்சி செய்தேன், புள்ளியின் ஒளியைக் குறைத்தேன், உறையின் சாய்வையும் மாற்றிப் பார்த்தேன். பிடியின் அடிப்பகுதி இடுப்புப் பட்டையின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாதென்பது விதியாதலால் உறையை இதற்குமேல் தாழ்த்த வழியில்லை. தடுப்பின் ஓரம் சாய்ந்து சுடும்போது சிக்கல் இன்னும் மோசமாகிறது.

எடுக்கும் பாதையில் எந்தக் கட்டத்தில் மணிக்கட்டை இறுக்கினால் புள்ளி நேராக ஆடிக்குள் வந்து நிற்கும்?